வரி வாங்காத ஊரில் உன் கல்யாணம்

அன்பு மகள் செல்விக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். ஆனால் போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ அழ ஆரம்பிப்பாய், உன்னைக் கேட்டு நானும் அழுவேன், பேச வேண்டியது பாதியில் நின்றுபோகும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கவரையும் ஒட்டாமல்தான் தபாலில் போடுவேன். நம் ஊரில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். இதில் இருப்பதெல்லாம் நான் தெருவில் நின்று சொன்னதுதான்.

"பெங்களூர்லயே ரிஜிஸ்டர் பண்ணிக்கிடுதோம்மா. நீ அங்கன தனியாக் கெடந்து ஏச்சு வாங்கணுமா? காட்டப் பூட்டிட்டு எங்ககூட வந்துரு" என்றாய். நல்ல மனசோடுதான் சொன்னாய். ஆனால் கரிசல் காட்டுக்குப் பூட்டு எங்கே இருக்கிறது, சொல்? வேலி கூட இல்லாத பருத்திக் காடு அது. நீ யாருக்கும் பயந்து ஒளிந்து கல்யாணம் பண்ணப்போவதில்லை. நானும் யாருக்கும் பயந்து ஊரைவிட்டு வரப்போவதில்லை. ஆவணியில் உன் கல்யாணம் இங்கேதான், இந்த ஊரில்தான். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

கொடைக்கு முன்னால் நடந்ததை உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒவ்வொரு தலைக்கட்டும் வரி கொடுப்பது உனக்குத் தெரியும். கல்யாணமாகிக் குடும்பமான ஒவ்வொரு வீடும் ஒரு தலைக்கட்டு. வரி கொடுத்தவன் ஊர்க்காரன். யாரிடம் வாங்கவில்லையோ, அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் போகாது. உன் அப்பா செத்த வருசம் கோயில் கமிட்டியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பொம்பள மட்டும் இருக்க வீடு, பாவம், வரி வேண்டாம்" என்றார்கள். இரக்கம் மாதிரிதான் இருந்தது. ஆனால் எனக்கு அது புரிந்தது. வரி வேண்டாம் என்றால் கணக்கில் நான் இல்லை என்று அர்த்தம். நீ அப்போது நாலாம் வகுப்பு. உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு போய் ஆம்பிளை வீடு கொடுக்கிற முழு வரியையும் கமிட்டிக்காரர்கள் முன்னால் வைத்தேன். "எங்க வீடும் ஒரு தலைக்கட்டுதான்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள். அன்றிலிருந்து ஒரு வருசம் கூட நான் பாக்கி வைத்ததில்லை.

இந்த வருசம் வரிக்கு வந்தவர்கள் நம் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்கள். முன்னால் நடந்தது யார்? கமிட்டிச் செயலாளர், என் கூடப்பிறந்த தம்பி, உன் தாய்மாமன். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "ஏலே தம்பி, எங்க வீட்டு வரிய யாரு வாங்குவா?" என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அக்கா, கமிட்டில பேசி முடிச்சாச்சு. நீ அந்தக் கல்யாணத்த நிப்பாட்டு. அடுத்த நிமிசம் வாங்கிக்கிடுதோம்" என்றான். "நிப்பாட்ட முடியாதுலே" என்றேன். அவ்வளவுதான். தெரு முழுக்க வாசலில் வந்து நின்று பார்த்தது. நான் உள்ளே போகவில்லை. அவர்கள் கடைசி வீடு முடித்துத் திரும்பி வருகிறவரை பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போதுதான் அவன் அந்தப் பேச்சை எடுத்தான். "அந்தத் திபெத்துக்காரப் பயலுவ வழக்கம் தெரியுமாக்கா? அண்ணன் தம்பி எல்லாருக்கும் சேத்து ஒரே பொண்டாட்டியாம்லா. அங்கன போயி நம்ம புள்ளயக் குடுப்பியா?" என்று தெரு கேட்கச் சொன்னான். அவன் நினைத்தான், அக்கா இதைக் கேட்டுத் தலைகுனிந்து உள்ளே போய்விடுவாள் என்று. எனக்கு அது புது சேதியா? நீ கட்டப்போகிற நோர்புவின் அம்மாவே அடுப்படியில் உட்காரவைத்து எனக்குச் சொன்ன கதைதானே. "ஆமாலே. அவிய பாட்டி காலத்துல இருந்திருக்கு, இப்ப இல்ல. எதுக்கு அப்படிக் கெட்டுனாவன்னு தெரியுமா? இத்துணூண்டு நெலம். அண்ணன் தம்பி ஆளுக்கொரு பொண்டாட்டி கெட்டுனா ஆளுக்கொரு துண்டாப் போயிரும். நம்ம அம்மா தன் கூடப்பொறந்த தம்பிக்கே என்னையக் கெட்டி வச்சாளே, அது எதுக்குலே? காடு கைமாறக் கூடாதுன்னுதானே? இப்ப உன் மகனுக்கு என் மகளக் கேக்கியே, அது எதுக்கு? அவிய செஞ்சா அசிங்கம், நம்ம செஞ்சா மொறையா?" என்று கேட்டேன். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்றைக்கு வாசலில் நின்று பார்த்த தெரு அவரவர் வீட்டுக் கதவை மூடிக்கொண்டது.

உன் அப்பாவைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. என் அம்மாவின் தம்பிதான் அவர். என்னைத் தூக்கி வளர்த்த மாமா. ஒருநாள் கூட என்னைக் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை, செல்வி. கிணற்றையும் காட்டையும் காப்பாற்ற என்னைக் கட்டிவைத்தார்கள். அந்தக் கிணறு நான் வந்த ரெண்டாம் வருசமே வற்றிப்போனது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நீ முதன்முதலில் நோர்புவைப் பற்றிச் சொன்னபோது நானும் ஆடித்தான் போனேன். ஒரு பருத்தி எடுப்பு முடிகிறவரை உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் உன்னோடு வேலை பார்க்கிற நர்சுப் பையன் என்றாய், அதுவே எனக்குப் புதுசு. ஆம்பிளை நர்சா என்று கேட்டேன். அகதிக் குடும்பம், இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்தவர்கள், இப்போது லடாக்கில் ஆடு மேய்க்கிறார்கள் என்றாய். ஆடு என்ற வார்த்தையில்தான் நான் கொஞ்சம் நின்றேன். ஆடு மேய்க்கிறவர்களை எனக்குத் தெரியும். வருசா வருசம் நம் காட்டில் கிடை போடுகிறவர்களுக்குக் கம்பும் தொட்டுக்கொள்ள வெஞ்சனமும் கொடுத்து, எருவுக்காக ராத்திரி முழுக்க ஆட்டைக் காட்டில் அடைக்கச் சொல்கிறவள் நான். சரி, போய்ப் பார்த்துவிட்டு வந்து திட்டலாம் என்றுதான் போன வைகாசியில் உன்னோடு கிளம்பினேன்.

லே ஊரில் விமானத்தை விட்டு இறங்கி, ரெண்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்து, பிறகு ஒரு பகல் முழுக்க ஜீப்பில் போனோமே, வழியெல்லாம் நான் பேசாமல் வந்தேன் என்று நீ பயந்துபோனாய். நான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு மரம் இல்லை. கண்ணுக்கு எட்டின மட்டும் வெட்டவெளி. காற்று மட்டும் ஓயாமல் அடிக்கிறது. மழை எல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே பெய்து தீர்ந்துவிடும், இங்கே வருகிற மேகத்தில் ஒன்றும் இருக்காது என்று டிரைவர் சொன்னான். எனக்குக் கயத்தாறுப் பக்கம் காற்றாடிகள் சுற்றுகிற பொட்டல் ஞாபகம் வந்தது. மேற்கே மலையில் கொட்டித் தீர்த்துவிட்டு நம்மை மட்டும் தாண்டிப் போகிற மேகத்தை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். மண்ணுதான் வேறு. நம் மண் கறுப்பு, கோடையில் வெடித்துக் கால் நுழையும், மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அங்கே சரளையும் மணலும், ஏரிக்கரையில் வெள்ளையாக உப்பு பூத்துக் கிடக்கிறது. தண்ணீர் இருக்கிறது, குடிக்க முடியாது. இந்த ஊரில் பிழைக்கிறவர்கள் சோம்பேறியாக இருக்க முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் நோர்புவின் அம்மா பெமா என் கழுத்தில் வெள்ளைத் துணியைப் போட்டாள் அல்லவா, நான் கல்லாக நின்றேன். உனக்கு அன்றைக்குப் புரிந்திருக்காது. உன் அப்பா போன அன்று என் தம்பி என் மேல் போட்ட கோடித்துணிதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு எந்த நல்ல காரியத்திலும் நான் முன்னால் நின்றதில்லை. சமையல்கட்டுப் பக்கம் நின்று எட்டிப் பார்ப்பதுதான். என்னைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாளே, புருசன் இல்லாதவள் என்று, இவளும் இப்படித்தானா என்று நெஞ்சு எரிந்தது. அப்புறம்தான் நீ சொன்னாய், விருந்தாளிக்கும் அதுதான், கல்யாணப் பெண்ணுக்கும் அதுதான், மரியாதைக்குப் போடுவது என்று. அந்தத் துணியை நான் ஊர் வந்து சேருகிறவரை கழற்றவில்லை. நீ குளிருக்கு என்று நினைத்திருப்பாய்.

மறுநாள் காலையில் நான் செய்த கூத்தை நீ இன்னும் உன் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாய் என்று தெரியும். சிரி. என்னால் விருந்தாளியாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. எல்லாரும் எழுந்திருக்கும் முன்னால் வெளியே வந்தேன். சுவர் ஓரமாக ஆட்டுப் புழுக்கை அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. பின்னால் பார்லி விதைத்த குத்தகை நிலம், வெளுத்துப்போய்ச் சத்தே இல்லாமல் தெரிந்தது. இவ்வளவு எருவை வைத்துக்கொண்டு நிலத்தை இப்படிப் போட்டிருக்கிறார்களே, ஆள் பற்றாக்குறை போலிருக்கிறது என்று எண்ணி, கூடையை எடுத்து மூச்சு வாங்க மூச்சு வாங்க அள்ளிக்கொண்டுபோய் நிலம் முழுக்கச் சிதறிவிட்டேன். அம்பாரத்தில் பாதி காலி. பெமா வெளியே வந்து பார்த்துத் தலையில் கையை வைத்தாள். அது அவர்கள் அடுப்புக்கு வைத்திருந்த எரிபொருள். மரமில்லாத ஊரில் அதுதான் விறகு. மாட்டுச் சாணியை எருவாட்டி தட்டி எரிப்பது நமக்கும் பழக்கம்தான். ஆனால் ஆட்டுப் புழுக்கையை யாராவது அடுப்பில் போடுவார்களா? நம் காட்டுக்கு அது தங்கமல்லவா? நீயும் நோர்புவும் பெமாவும் அவன் தங்கச்சியும் குனிந்து குனிந்து மத்தியானம் வரை பொறுக்கினீர்கள். நான் வெட்கத்தில் செத்தேன். கடைசியில் பெமா ஒரு கை நிறைய எடுத்து, கூடையில் போடாமல் நிலத்திலேயே திரும்பப் போட்டாள். ஏதோ சொன்னாள். "இது சம்பந்தி சொன்னதுக்காக இருக்கட்டும்" என்றாளாம். நோர்பு இந்தியில் சொல்ல, நீ தமிழில் சொன்னாய். அந்த நிமிசத்தில்தான் நான் சம்மதித்தேன். உன் கண்ணீருக்கும் இல்லை, அவன் படிப்புக்கும் இல்லை.

அன்றைக்கு அடுப்படியில் பெமா தன் குடும்பம் விட்டுவந்த ஊரைப் பற்றிச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் பார்த்ததில்லை, அவள் அம்மா சொல்லக் கேட்டது. ஊர் என்றால் இத்தனை அடுப்பு என்றுதான் கணக்காம். வீட்டுக்கு ஓர் ஆள் பொதுவேலைக்குப் போக வேண்டும். எந்த மேய்ச்சலுக்கு எந்த வீட்டு ஆடு போவது என்று ஊர்ப் பெரியவர் சொன்னால் அதுதான் முடிவு. ஆட்டு உரோமத்தை வாங்க வியாபாரி வருவான், அவன் சொன்னதுதான் விலை. கேட்கக் கேட்க எனக்கு நம் ஊரைப் பற்றியே யாரோ சொல்வதுபோல் இருந்தது. நம் பருத்திக்கு என்றைக்காவது நாம் விலை வைத்திருக்கிறோமா? அவர்கள் சாப்பாடும் எனக்கு அந்நியமாகப் படவில்லை. வறுத்துத் திரித்த மாவைக் கையாலேயே பிசைந்து உருட்டித் தின்கிறார்கள். நான் கொண்டுபோன கடலைமிட்டாயை அவள் அதோடு சேர்த்துத் தின்றாள். அந்த உப்புத் தேநீர்தான் எனக்கு ஆகவில்லை. நம் பழக்கப்படி டம்ளரில் மிச்சம் வைக்கக் கூடாது என்று நான் குடித்துக் காலி செய்ய, அவர்கள் பழக்கப்படி காலியாக விடக் கூடாது என்று அவள் ஊற்ற, அன்று ராத்திரி என் வயிறு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒன்று மட்டும் நீ கவனிக்கவில்லை. அவளுக்கும் ஒரு கமிட்டி இருக்கிறது. "நாம இருக்கதே கொஞ்சம் பேரு, ஊரும் இல்ல நாடும் இல்ல, பிள்ளைகளும் வெளியே போய்க் கட்டினா மிஞ்சுறது என்ன?" என்று அவள் சொந்தக்காரர்கள் அவளைக் கேட்டிருக்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் ஊர்க்காரன் காட்டுக்காகக் கத்துகிறான், அவர்கள் இனத்துக்காக அழுகிறார்கள். ரெண்டும் ஒன்றல்ல. அவளோ, "என் மகன் எங்கே போனாலும் என் பாஷை பேசுவான்" என்று பதில் சொல்லி அனுப்பினாளாம். அதனால் உனக்கு ஒரு புத்திமதி. அந்த பாஷையைக் கற்றுக்கொள். உன் பிள்ளைகளுக்கு அதையும் சொல்லிக்கொடு, நம் பேச்சையும் சொல்லிக்கொடு. அவளிடமிருந்து மகனைப் பிடுங்கினவள் என்ற பேர் என் மகளுக்கு வரக் கூடாது.

இனிக் கொடை அன்று நடந்ததைக் கேள். வரி வாங்காவிட்டால் பொங்கல் வைக்கவும் போகக் கூடாது என்பது வழக்கம். நான் பானையைத் தூக்கிக்கொண்டு போனேன். உன் அப்பா காலத்திலிருந்து நம் அடுப்பு எந்த இடமோ அங்கேயே மூன்று கல்லை வைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். கோயில் விளக்கிலிருந்து முதல் அடுப்புக்குத் தீ எடுத்து, அதிலிருந்து அடுத்த அடுப்பு, அதிலிருந்து அடுத்தது என்று வரிசையாகப் பற்றவைப்பார்கள் இல்லையா? எனக்கு முந்தின அடுப்புக்காரி என்னைத் தாண்டிக் கொடுக்கப் பார்த்தாள். அன்றைக்கு என்ன காற்று தெரியுமா? ரெண்டு எட்டு வைப்பதற்குள் கொள்ளி அணைந்துபோகிறது. தீப்பெட்டிக்குப் பேர்போன ஊர்ப் பக்கம் இருந்துகொண்டு, பெட்டி பெட்டியாகக் குச்சியைக் கிழிக்கிறார்கள், ஒன்றும் நிற்கவில்லை. நான் வீட்டிலிருந்தே எருவாட்டியில் கங்கு கொண்டுபோயிருந்தேன். காற்றடிக்க அடிக்கச் சாணிக் கங்கு நன்றாகப் பிடிக்கும். என் அடுப்பு மட்டும் நின்று எரிந்தது. நம்மோடு பருத்தி எடுக்க வருவாளே வேலம்மாள், அவள்தான் எழுந்து வந்து என் அடுப்பிலிருந்து தீ எடுத்தாள். கமிட்டிக்காரர் ஒருவர், "ஏட்டி, என்ன செய்யுத?" என்று அதட்டினார். "தீக்கு என்ன அண்ணாச்சி கமிட்டி?" என்றாள் அவள். அவளிடமிருந்து அடுத்தவள், அதற்கடுத்தவள். என் அடுப்புக்குக் கீழே இருந்த வரிசை முழுக்க நம் வீட்டுத் தீயில்தான் அன்று பொங்கல் பொங்கியது. உன் மாமன் தூரத்தில் நின்று பார்த்தான். அவன் பெண்டாட்டி பானையும் அந்த வரிசையில்தான் இருந்தது.

இப்படிச் சொன்னதால் ஊர் திருந்திவிட்டது என்று நினைத்துவிடாதே. கல்யாண மண்டபம் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மேளக்காரரையும் தடுத்திருக்கிறார்கள், நான் எட்டயபுரத்தில் வேறு மேளம் பேசிவிட்டேன். ஆவணியில் நம் காடு வெறுமனேதான் கிடக்கும், புரட்டாசியில்தான் விதைப்பு. பந்தலை அங்கேயே போடச் சொல்லிவிட்டேன். கோவில்பட்டி பஸ்ஸில் போகிற ஒவ்வொருவனுக்கும் தெரியட்டும். பந்தல் போடுவதற்கு முன்னால் ஆடியிலேயே கிடை போடுகிறார்கள், காடு முழுக்கப் புழுக்கையாக இருக்கும். பெமாவிடம் சொல்லி வை, அதை அள்ளி அடுப்புக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்று. அவள் சொந்தங்களில் யார் யார் வர மாட்டார்களோ, அவர்களுக்கும் நான் அழைப்பு அனுப்புகிறேன் என்று சொல். நம் சொந்தத்தில் வராதவர்களுக்கும் நான் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைப்பேன். வாங்கினாலும் சரி, வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாலும் சரி.

நீ கடைசியாகக் கேட்டாயே, "மாமா வரலைன்னா என்னைய மணையில கூட்டிட்டு வந்து உக்கார வைக்கது யாரும்மா?" என்று. தாய்மாமன் இல்லாமல் நம் பக்கம் கல்யாணம் இல்லை, தெரியும். அவன் வரட்டும். அவனுக்கும் அழைப்பு உண்டு, அவன் இடம் அவனுக்காகத்தான் இருக்கும். வந்தால் உன் ஒரு கையை அவன் பிடிக்கட்டும், மறு கையை நான் பிடிக்கிறேன். வராவிட்டால் ரெண்டு கையையும் நானே பிடித்துக் கூட்டிவருவேன். பெற்றவளுக்கு இல்லாத உரிமை அவளோடு பிறந்தவனுக்கு எங்கிருந்து வந்தது? புருசன் இல்லாதவள் முன்னால் வரலாமா என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். எட்டிப் பார்த்த காலம் எனக்குப் போதும், செல்வி. தாலி கட்டும்போது நான் உனக்குப் பின்னாலும் இல்லை, சமையல்கட்டிலும் இல்லை. உன் பக்கத்தில் நிற்பேன். கழுத்தில் பெமா போட்ட அந்த வெள்ளைத் துணியும் இருக்கும்.

அது எடுப்பாகத் தெரிய வேண்டாமா? வரும்போது பெங்களூரில் ஒரு நல்ல பட்டுச்சேலை எடுத்து வா. நல்ல அரக்குச் சிவப்பாக, அகலமான சரிகைக் கரை வைத்ததாக இருக்கட்டும். உனக்கு இல்லை, எனக்கு.

உன் அம்மா